அம்மா வேடம்: சாரா ஆல்குட்டின் மேடையும் திரையும்

1942 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' சிறந்த படமாகத் தேர்வானது. அன்று 'சிட்டிசன் கேன்' தோற்றுப்போனதைத் திரைப்பட ஆர்வலர்கள் இன்றும் சொல்லி வருத்தப்படுகிறார்கள். அதே விழாவில் நடந்த இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. படத்தில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தின் அப்பாவாக நடித்த டொனால்ட் கிரிஸ்புக்குச் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. அம்மாவாக நடித்தவரும் பரிந்துரைப் பட்டியலில் இருந்தார். விருது மேரி ஆஸ்டருக்குப் போனது. அந்த அம்மாவின் பெயர் சாரா ஆல்குட். அப்போது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அதற்கு முன் அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மேடையில் இருந்திருக்கிறார்.

விருதை வைத்து ஒரு நடிகையை அளப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்பாவாக நடிப்பதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளும் நாம், அம்மாவாக நடிப்பதை மட்டும் பெண்ணின் இயல்பு என்று ஏன் எடுத்துக்கொள்கிறோம் என்பதே என் கேள்வி. சாராவின் வாழ்க்கையை நான் இந்தக் கேள்வியோடுதான் படித்தேன். ஒரு தேசம் தன்னைத் தாயாகக் கற்பனை செய்துகொண்ட காலத்தில் அந்தத் தாயின் குரலாக இருந்தவர் அவர். அந்தக் குரலுக்குப் பின்னால் கூலி வாங்கி வேலை செய்த ஒரு பெண் இருந்தாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தச்சரும் தையலும் அரங்கமும்

சாரா 1880ஐ ஒட்டி டப்ளினில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் அச்சுக்கோப்பவர், கண்டிப்பான புராட்டஸ்டண்ட். அம்மா மார்கரெட் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர். பிள்ளைகளின் கலை ஆர்வத்துக்கு அப்பா தடை போட்டார், அம்மா துணை நின்றார். அப்பா இறந்த பிறகு குடும்பம் சிதறியது. தங்கை மோலி அநாதை இல்லத்தில் விடப்பட்டாள், பிறகு தையல் கடைக்கு வேலை பழக அனுப்பப்பட்டாள். சாரா நாற்காலி, சோபாக்களுக்குத் துணி தைத்துப் பொருத்தும் கடையில் வேலை பழகினார். அயர்லாந்தின் புகழ்பெற்ற இரண்டு நடிகைகள் ஊசியும் நூலுமாகத் தொடங்கியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பிறகு நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும்.

1900இல் மாட் கான் 'அயர்லாந்தின் புதல்வியர்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். தேசிய இயக்கத்தின் ஆண்கள் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்த காலம் அது. அந்தப் பெண்கள் ஏழைக் குழந்தைகளுக்கு ஐரிஷ் மொழியும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார்கள். நாடகம் போட்டார்கள். நாடகப் பயிற்சிக்கு வில்லியம் ஃபே, ஃபிராங்க் ஃபே என்ற சகோதரர்கள் வந்தார்கள். சாராவின் குரலைப் பழக்கியவர் ஃபிராங்க் ஃபே. அயர்லாந்தின் தேசிய அரங்கைப் பற்றிய வரலாறுகள் யேட்ஸ் என்ற கவிஞரிடமிருந்தே தொடங்கும். ஆனால் அந்த அரங்கின் முதல் நடிகைகளில் பலர் பெண்கள் அமைத்த இந்த அமைப்பிலிருந்து வந்தவர்கள்.

1902 ஏப்ரலில் இந்தக் குழுக்கள் சேர்ந்து 'கேத்லீன் நி ஹூலிஹன்' நாடகத்தை மேடையேற்றின. 1798 கிளர்ச்சிக் காலம். ஒரு வீட்டில் கல்யாண ஏற்பாடு நடக்கிறது. ஏழைக் கிழவி ஒருத்தி உள்ளே வருகிறாள். தன் நிலத்தை அந்நியர் பறித்துக்கொண்டதாகச் சொல்கிறாள். கல்யாண மாப்பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் பின்னால் சண்டைக்குப் போகிறான். கிழவி இளம்பெண்ணாக மாறிவிடுகிறாள். கிழவிதான் அயர்லாந்து. மகன்களின் ரத்தத்தில் இளமை பெறும் தாய். மணப்பெண் கைவிடப்பட்டு மேடையில் நிற்கிறாள், அவளைப் பற்றி நாடகத்துக்குக் கவலை இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, தன் நாடகம் சிலரைச் சாவுக்கு அனுப்பியதோ என்று யேட்ஸ் ஒரு கவிதையில் தன்னையே கேட்டுக்கொண்டார். அந்த நாடகத்தை அவரோடு சேர்ந்து எழுதியவர் லேடி கிரகரி. பெரும்பகுதி அவர் எழுதியது என்பது இன்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். அந்தக் காலத்தில் சுவரொட்டியில் இருந்தது யேட்ஸின் பெயர் மட்டும். தாயைப் போற்றிய நாடகத்தில் எழுதிய பெண்ணுக்கே பெயர் இல்லை.

இந்தக் கிழவியின் வேடத்தை முதலில் போட்டவர் மாட் கான். பிற்பாடு சாராவும் அதை நடித்தார்.

கூலி ஒரு துரோகமா?

1904 டிசம்பர் 27 அன்று டப்ளினில் ஆபி அரங்கம் திறக்கப்பட்டது. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் ஆனி ஹார்னிமன், தேயிலை வியாபாரத்தில் செல்வம் சேர்த்த ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண். திறப்பு நாளில் லேடி கிரகரியின் 'ஸ்பிரெடிங் த நியூஸ்' என்ற நகைச்சுவை நாடகத்தில் சாராவுக்கு முதல் பெரிய வேடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டே குழு உடைந்தது. அதுவரை அது உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நடத்திய சங்கம், நடிப்பு ஊதியமில்லாத தேசப் பணி. 1905இல் அது கம்பெனியானது. யேட்ஸ், லேடி கிரகரி, சிங் ஆகிய மூவரும் இயக்குநர்களாக அமர்ந்தார்கள். நடிகர்களுக்குச் சம்பளம் வந்தது, ஓட்டு போனது. தேசியத்தில் உறுதியாக இருந்த சிலர் வெளியேறினார்கள். முதல் நாளில் கேத்லீனாக நடித்த மைரா நிக் ஷூப்லி அவர்களில் ஒருவர். சாரா தங்கினார்.

இதைச் சொல்லும் சில வரலாறுகளில், வெளியேறியவர்கள் கொள்கைக்காரர்களாகவும் தங்கியவர்கள் காசுக்கு நடித்தவர்களாகவும் தெரிவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இயக்குநர்கள் எடுத்துக்கொண்ட அதிகாரத்தை எதிர்த்தது நியாயம்தான். ஆனால் சோபாவுக்குத் துணி தைத்த பெண்ணுக்கு வாரச் சம்பளம் என்பது சிறிய விஷயமில்லை. பகலெல்லாம் கடையில் உழைத்து, இரவில் தேசத்துக்காக இலவசமாக நடிப்பது எத்தனை ஆண்டுகள் முடியும்? நடிப்பை வேலை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சாராவைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கு அது வாழ்க்கையாக ஆனது. கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். தாங்கள் எதை நடிப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவர்கள் கையை விட்டுப் போனது.

உள்ளாடை என்ற சொல்

1907 ஜனவரி 26 அன்று ஜே.எம். சிங்கின் 'பிளேபாய் ஆஃப் த வெஸ்டர்ன் வேர்ல்ட்' அரங்கேறியது. அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று பெருமையடிக்கும் இளைஞனை ஒரு கிராமமே வீரனாகக் கொண்டாடும் கதை. அவனைக் காதலிக்கும் பெகீனாக மோலி நடித்தாள், மைரா ஓ'நீல் என்ற மேடைப் பெயரில். விதவை குவின்னாக சாரா நடித்தார். யாருடைய அம்மாவும் இல்லை இந்த குவின். புருஷனின் சாவுக்குத் தானே காரணம் என்று ஊரறிந்தவள். தனி வீட்டில், தன் புத்தியை நம்பி வாழ்பவள், வாயாடி. சாராவின் நகைச்சுவைத் திறன் வெளிப்பட்ட வேடங்களில் அது முக்கியமானது.

மூன்றாம் அங்கத்தில் கதாநாயகன் பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல்லைச் சொன்னபோது அரங்கம் கொதித்தது. ஊரில் இல்லாத யேட்ஸுக்கு லேடி கிரகரி தந்தி அடித்தார். அடுத்தடுத்த நாள்களில் கூச்சலில் வசனமே கேட்கவில்லை. போலீஸ் வரவழைக்கப்பட்டது. அயர்லாந்துப் பெண்ணின் தூய்மையைச் சிங் இழிவுபடுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

தேசத்தின் மானம் பெண்ணின் உள்ளாடையில் தொங்கும் வாதம் நமக்குப் புதிதில்லை. ஆனால் இந்தக் கலவரம் யேட்ஸின் துணிச்சல், சிங்கின் மேதைமை, கூட்டத்தின் குறுகிய மனம் என்று ஆண்களுக்கு இடையிலான விவாதமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வாரம் முழுக்க விசிலுக்கும் கூச்சலுக்கும் நடுவே மேடையில் நின்று, கேட்காத வசனத்தைப் பேசி முடித்த பெண்களை அந்த விவாதத்தில் தேட வேண்டியிருக்கிறது.

அப்போது மோலியும் சிங்கும் காதலித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிலவுடைமைப் புராட்டஸ்டண்ட் குடும்பம், இவள் தையல் கடையிலிருந்து வந்தவள், அவரைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் இளையவள். அவர் வீட்டாருக்கும் பிடிக்கவில்லை, அரங்கத்து இயக்குநர்களுக்கும் பிடிக்கவில்லை. 1909 மார்ச்சில் சிங் நோயில் இறந்தார். கல்யாணம் நடக்கவே இல்லை. முடிக்காமல் விட்டுப்போன கடைசி நாடகத்தை யேட்ஸோடும் லேடி கிரகரியோடும் சேர்ந்து மோலியும் ஒழுங்குபடுத்தினாள். அதில் கதாநாயகி டெய்ர்ட்ராவாகவும் நடித்தாள். சிங் மோலிக்கு எழுதிய கடிதங்கள் இன்று நூலாகக் கிடைக்கின்றன. மோலி சிங்குக்கு எழுதியவை கிடைக்கவில்லை. எப்படி நடந்துகொள், என்ன படி, யாரோடு பேசாதே என்று அவர் சொன்னவை நம்மிடம் இருக்கின்றன. அவள் சொன்ன பதில்கள் இல்லை.

மூன்று தாய்கள்

1908இல் சாரா மான்செஸ்டரில் வில்லியம் போயல் இயக்கிய ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில் இசபெல்லாவாக நடித்தார். தம்பியின் உயிருக்கு ஈடாக உடலைக் கேட்கும் அதிகாரியை எதிர்த்து வாதாடும் இளம்பெண் இசபெல்லா. சாராவால் என்ன முடியும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. ஆனால் டப்ளின் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது அம்மாவைத்தான்.

சிங்கின் 'ரைடர்ஸ் டு த சீ' 1904இல் முதலில் மேடையேறியபோது சாரா மகள் வேடத்தில் இருந்தார். பிறகு தாய் மோர்யாவின் வேடம் அவருடையதானது. கடலுக்கு மாமனார், கணவன், ஆறு மகன்கள் என எல்லோரையும் கொடுத்தவள் மோர்யா. கடைசி மகனின் உடலும் வந்து சேர்ந்த பிறகு, கடல் இனித் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்ற அமைதிக்கு வருகிறாள். அந்த வேடத்தைப் போடத் தொடங்கியபோது சாராவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கிழவியின் உடலையும் குரலையும் அவர் பயிற்சியால் உண்டாக்கினார்.

1916இல் அவர் 'பெக் ஓ' மை ஹார்ட்' என்ற நாடகத்தோடு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது. ஆபியின் இன்னொரு நடிகையான ஹெலனா மோலனி துப்பாக்கியோடு நகர மன்றத்தில் இருந்தார், சிறை சென்றார். பிற்காலத்தில் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவரானார். மைரா நிக் ஷூப்லி ஜேக்கப் பிஸ்கட் தொழிற்சாலையைப் பிடித்தவர்களோடு இருந்தார். தாயின் அழைப்பைக் கேட்டு மகன்கள் போவதுதான் நாடகத்தில் இருந்தது. நிஜத்தில் மகள்களும் போனார்கள்.

அந்த ஆண்டே சாரா உடன் நடித்த ஜெரால்ட் ஹென்சனை மணந்தார். 1918 தொடக்கத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, பிறந்த சூட்டிலேயே இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகத்தை வாரிக்கொண்டு போன இன்ஃப்ளுயன்சாவில் கணவரும் இறந்தார். சாரா மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஊர் திரும்பி மறுபடியும் நடித்தார். அதன் பிறகு போட்ட வேடங்களில் பெரும்பாலானவை அம்மா வேடங்கள்.

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குழந்தையைப் பறிகொடுத்த வலிதான் அவரைப் பெரிய தாயாக நடிக்கவைத்தது என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதினால் நடிகை மறைந்துபோய், கருப்பை மட்டும் மிஞ்சும். குழந்தை பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் மோர்யாவாக நடித்துவிட்டார். ஆண் நடிகர் ஒருவர் அரசனாக நடித்தால் அவர் வீட்டில் சிம்மாசனம் இருந்ததா என்று நாம் தேடுவதில்லை.

1924 மார்ச் 3 அன்று ஷான் ஓ'கேஸியின் 'ஜூனோ அண்ட் த பேகாக்' ஆபியில் அரங்கேறியது. உள்நாட்டுப் போர் முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. டப்ளினின் நெரிசலான குடியிருப்பில் ஒரு குடும்பம். கணவன் பாயில் வேலைக்குப் போகாமல் குடித்து வீரம் பேசித் திரியும் மயில். அவரை நடித்தவர் பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட். மகன் போராட்டத்தில் கையை இழந்தவன், தோழனைக் காட்டிக்கொடுத்ததற்காகக் கொல்லப்படுகிறான். மகள் கர்ப்பமாகி, காதலனால் கைவிடப்படுகிறாள். வீட்டைத் தாங்குகிறவள் ஜூனோ. சாராவின் வாழ்நாள் வேடம் அது.

ஜூனோ, கேத்லீனுக்கு நேர் எதிரானவள். மகன் கொள்கைக்காகக் கையைக் கொடுத்ததாகப் பேசும்போது, கை போனால் கூலி வேலைக்கு என்ன செய்வாய் என்பது அவள் கவலை. முன்பு பக்கத்து வீட்டுப் பிள்ளை செத்தபோது அந்தத் தாயின் அழுகையைத் தன் வீட்டு மகிழ்ச்சியில் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவள், தன் மகன் செத்தபோது அதே தாயின் பிரார்த்தனையைத் திருப்பிச் சொல்கிறாள். பிறகு கணவனை விட்டுவிட்டு மகளோடு வெளியேறுகிறாள். என் குழந்தைக்கு அப்பா இருக்க மாட்டாரே என்று மகள் அழ, அதைவிட மேலானது கிடைக்கும், இரண்டு அம்மாக்கள் இருப்பார்கள் என்கிறாள். தாய் என்ற சொல்லை தேசத்திடமிருந்தும் புருஷனிடமிருந்தும் பிடுங்கி, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குத் துணை நிற்பதற்கான சொல்லாக அந்த வசனம் மாற்றுகிறது. எழுதியவர் ஆண்தான். ஆனால் இருபது ஆண்டுகளாக மேடையில் தேசத் தாயையும் கடல் தாயையும் சுமந்த ஒருவர் அதைச் சொன்னபோது, அந்தப் பார்வையாளர்கள் முந்தைய தாய்களையும் சேர்த்தே கேட்டிருப்பார்கள்.

லண்டனில் இந்த நாடகம் வெற்றி பெற்றது. 1926இல் அங்கே ஓ'கேஸியின் 'த பிளவ் அண்ட் த ஸ்டார்ஸ்' நாடகத்தில் சாரா பெஸ்ஸி பர்ஜெஸாக நடித்தார். பிரிட்டிஷ் ராணுவத்தில் மகனைக் கொண்ட புராட்டஸ்டண்ட் பெண் பெஸ்ஸி. எதிர்த்தரப்புக் குடும்பத்துப் பெண்ணைக் காப்பாற்றப்போய் ஜன்னலோரம் குண்டடிபட்டுச் சாகிறாள்.

ஓ'கேஸி எழுதியதை அயர்லாந்து கேட்கவில்லை. 1937 அரசியல் சட்டத்தின் 41.2 பிரிவு, பெண் வீட்டுக்குள் வாழும் வாழ்க்கையால் அரசுக்குத் துணை நிற்கிறாள் என்றும், பொருளாதாரத் தேவையால் தாய்மார்கள் வீட்டுக் கடமைகளைப் புறக்கணித்து வேலைக்குப் போக நேராமல் அரசு பார்த்துக்கொள்ள முயலும் என்றும் எழுதிவைத்தது. ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் போன்ற பெண்ணியவாதிகள் எதிர்த்தார்கள், தோற்றார்கள். மணமான பெண்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் விதி 1973 வரை நீடித்தது. மேடையில் பிறந்த தாய் சட்டமாகிவிட்டாள். தாயாக நடித்துக் கூலி வாங்கிய பெண்ணோ அதற்குள் ஊரை விட்டுப் போயிருந்தார்.

சமையற்கட்டில் ஒரு மேதை

1929இல் ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' வந்தது. பிரிட்டனின் முதல் பேசும் படங்களில் ஒன்று. கதாநாயகி ஆனி ஆண்ட்ராவின் செக் உச்சரிப்பு பொருந்தாது என்று, படப்பிடிப்பின்போதே கேமராவுக்கு வெளியே நின்று ஜோன் பேரி என்ற நடிகை வசனத்தைப் பேச, ஆண்ட்ரா வாயசைத்தார். ஒரு பெண்ணின் முகம், இன்னொரு பெண்ணின் குரல். கதாநாயகியின் அம்மாவாக வந்த சாராவுக்கு முகமும் குரலும் அவருடையவையாகவே இருந்தன. 1930இல் ஹிட்ச்காக் 'ஜூனோ'வையும் படமாக்கினார். சாரா ஜூனோ, மோலி பக்கத்து வீட்டு மேஸி மேடிகன்.

1940இல் நியூயார்க்கில் மறுபடியும் ஜூனோவாக நடித்துவிட்டு சாரா ஹாலிவுட் போனார். ஜான் ஃபோர்டின் படத்தில் பெத் மோர்கன் வேடம் கிடைத்தது. வேலைநிறுத்தக் காலத்தில், தன் கணவனைத் துரோகி என்று பேசும் தொழிலாளர்களைத் தேடிப் பனி பெய்யும் மலைக்கு ஏறிப்போய், அத்தனை ஆண்கள் நடுவே நின்று எச்சரிக்கிறாள் பெத். டப்ளின் மேடைக் குரலை அந்தக் காட்சியில் கேட்கலாம். அவள் பேசுவது முழுக்கக் கணவனுக்காக. ஜூனோ விட்டுவிட்டு வந்த வீட்டுக்கு ஹாலிவுட் அவரைத் திரும்பக் கூட்டிப்போய்விட்டது.

அதன் பிறகு 'ஜேன் ஐர்' படத்தில் வேலைக்காரி, 'த லாட்ஜர்' படத்தில் அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரம்மா, 'த ஸ்பைரல் ஸ்டேர்கேஸ்' படத்தில் நர்ஸ். அமெரிக்க நகரங்களின் சமையலறைகளில் பல பத்தாண்டுகள் வேலை செய்தவர்கள் ஐரிஷ் பெண்கள். வயதான ஐரிஷ் நடிகைக்குத் திரையில் அந்த இடமே ஒதுக்கப்பட்டது. கடைசிப் படங்களில் ஒன்றான 'சீப்பர் பை த டஜன்' 1950இல் வந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள கில்பிரெத் குடும்பத்தின் கதை. அம்மா லில்லியன் கில்பிரெத் நிஜத்தில் புகழ்பெற்ற தொழில்துறைப் பொறியாளர், உளவியலாளர். அப்படி ஒருவர் வெளியே வேலை செய்ய, வீட்டில் வேறொரு பெண் சமைக்க வேண்டியிருந்தது. படத்தில் அந்தப் பெண் சாரா.

1950 செப்டம்பர் 13 அன்று கலிபோர்னியாவில் மாரடைப்பால் சாரா இறந்தார். மோலி 1952இல் இங்கிலாந்தில் இறந்தாள். ஆபி அரங்கின் நாடகாசிரியர்களைப் பற்றிய நூல்களை அலமாரி அலமாரியாக அடுக்கலாம். மோலியை நாவலாக்கியவர்கள்கூட சிங்கின் காதலி என்ற வழியாகவே அவளிடம் போகிறார்கள். சாராவுக்கு அந்த வழியும் இல்லை. பெரிய மனிதர் யாருடைய காதலியாகவும் அவர் இருக்கவில்லை.

2024 மார்ச்சில் அயர்லாந்து அந்த 41.2 பிரிவை மாற்றுவதற்கு வாக்கெடுப்பு நடத்தியது. பெரும்பான்மையினர் மாற்றத்தை நிராகரித்தார்கள். பராமரிப்பு வேலைக்கு அரசின் பொறுப்பைப் புதிய வாசகம் நீர்த்துப்போகச் செய்கிறது என்று எதிர்த்து ஓட்டுப் போட்ட பெண்ணியவாதிகளும் அதில் உண்டு. தாய் என்ற சொல்லை என்ன செய்வது என்ற கணக்கு அங்கே இன்னும் முடியவில்லை.

1930இன் 'ஜூனோ' இன்று பார்க்கக் கிடைக்கிறது. ஒலி தேய்ந்திருக்கிறது, கேமரா அதிகம் நகராது. மகனுக்காக ஜூனோ பிரார்த்திக்கும் காட்சியில் சாரா குரலை எங்கே ஏற்றுகிறார், எங்கே இறக்குகிறார், எங்கே மூச்சுக்கு நிற்கிறார் என்று கவனியுங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் பழகிய ஒரு தொழிலாளி தன் வேலையைச் செய்வது தெரியும்.